ஒழுங்கா சாப்பிடறாரா?

"சார் மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாராம்மா?" என்று மருந்துக்கடைக்காரர் மாதந்தோறும் கேட்பார்.

"சாப்பிடறார், சாப்பிடறார்" என்பேன். தெருவில் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்றால், பசியோடு இருந்தாலும் "ஆச்சு" என்போமே, அப்படித்தான்.

இதயம் பலவீனமான என் கணவர் உடம்பில் சேரும் நீரைப் பிரிக்கும் நீர் மாத்திரையைக் காலையில் மட்டும் விழுங்குவார். இரவு வேளைக்கு உள்ளதைத் தொடமாட்டார்.

"அதைப் போட்டா விடிய விடிய பாத்ரூமுக்கு நடைப்பயணம்தான். கடையில சொல்லி என் மானத்தை வாங்கிடாதே."

நானும் சிரித்துவிட்டு டப்பாவை மூடிவிடுவேன்.

நுரையீரலில் நீர் கோத்து அவர் இறந்த இரண்டாவது வாரம், மிச்ச மருந்துகளைக் கடையில் கொண்டுபோய் வைத்தேன். பிரிக்காத நீர் மாத்திரை அட்டைகளைக் கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"ராத்திரி எழுந்திருக்கணுமேன்னு விட்டுட்டாரா?"

தலையாட்டினேன்.

"ரெண்டாவது மாத்திரையை மத்தியானத்துக்கு மாத்தியிருக்கலாமேம்மா. டாக்டர்கிட்ட நானே பேசியிருப்பேன். அதுக்குத்தானே மாசாமாசம் கேட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெறும் பையை மடித்துக்கொண்டே நின்றேன்.

அப்பா கடைசிவரை வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டார் என்றுதான் மகளிடம் இன்றுவரை சொல்லியிருக்கிறேன்.