எண்ணெய் டாங்கிக்குக் கீழே மூன்று கொட்டாய்

அந்தச் செவ்வாய்க்கிழமை சுசித்ராவின் திரையில் திருகோணமலை வந்து விழுந்தது. தருமபுரியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவள் கம்பெனி. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் எங்கெங்கிருந்தோ அங்கே வரும். குண்டு விழுந்த குழிகளைத் தேடிச் சிவப்பு வட்டம் போட வேண்டும். மண்ணுக்குள் வெடிக்காமல் கிடக்கிற குண்டின் மேல் எவனும் ஓட்டல் கட்டிவிடக் கூடாதே, அதற்கு. வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. குழிக்கு நிழல் உள்ளே விழும், மரத்துக்கு வெளியே விழும். அது தெரிந்தால் போதும். இந்த முறை வந்தது கடற்படைத் தளம். ஜப்பான்காரன் குண்டு போடுவதற்கு முன்னால் எடுத்த படம் ஒன்று, போட்ட பிறகு எடுத்தது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

அன்று ராத்திரி வீட்டில் களி உருண்டையைத் தட்டில் வைத்தபடி புருஷன் மாதுவிடம் அதை அவள் சொன்னாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமனார் சென்னப்பன் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

அவருக்கு எண்பதைத் தாண்டி நாலாகிறது. அவர் வயிற்றுப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். போனவர் போனவர்தான். குண்டில் செத்தார் என்று சென்னப்பன் சொல்வார். அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வரப்புச் சண்டையானாலும் பந்திச் சண்டையானாலும் அவர்கள் ஊரான அதியமான்கோட்டையில் அது கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: ஓடிப்போனவன் மவன்தானே நீ.

அந்தச் சொல்லின் சூடு தெரிந்த மனுஷன் அதை இன்னொருத்தர் மேல் வைப்பாரா? வைத்தார். சுசித்ரா மாதுவை விரும்பி, பென்னாகரத்திலிருந்து கட்டின துணியோடு வந்தவள். வந்த நாளிலிருந்து அவள் பெயர் ஓடுகாலி. ஓடுகாலி, தண்ணி கொண்டா. ஓடுகாலி காச்சின காபியா இது. அதையெல்லாம் அவள் விழுங்கிக்கொண்டாள். அவள் அப்பா செத்த சேதி வந்த அன்று, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவளை அவர் குறுக்கே நின்று மறித்தார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போயி எழவுல உக்காருவ? எம் மானத்தையும் சேத்து வாங்கறதுக்கா?" மாது வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றான். அப்பா முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவில்லை. அதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

அந்த மாமனார்தான் இப்போது கை கழுவிவிட்டு அடுப்படி வரைக்கும் வந்தார். காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடிக்கத்தானே வேண்டும்.

"கண்ணு," என்றார். அவள் வந்து எட்டு வருடத்தில் இது முதல் தடவை. "எண்ணெ டாங்கிக்குக் கீழ, கடலப் பாத்தாப்ல மூணு நீளக் கொட்டாயி. கூலிக்காரங்க அதுலதான் படுத்துக்குவாங்களாம். கூடப் போயிட்டு முன்னாடியே திரும்பி வந்த ஆளு எங்கம்மாகிட்ட சொன்னது. அது மேல குண்டு வுழுந்துச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லு. வுழுந்துச்சின்னா, எங்கப்பன் ஓடலடான்னு ஊருக்குள்ள சொல்லிட்டுச் சாவறன்."

"பாக்கறங்க மாமா," என்றாள்.

மறுநாள் பெரிதாக ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் படத்தில் வட்ட வட்டமாக டாங்கிகள், கீழே கடலைப் பார்த்தபடி மூன்று நீளக் கூரைகள். இரண்டாவது படத்தில் கூரையே இல்லை. மூன்றும் இருந்த இடத்தில் குழிமேல் குழி. சுசித்ரா ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டாள். பாவமாக இருந்தது. இத்தனை வருடமும் கிழவர் சொன்னது வீம்புக்கு இல்லை. பிறகு, அப்பாவின் பாடை யார் யார் தோளில் போயிருக்கும் என்று நினைத்தாள். பாவம் வந்த வழியே போய்விட்டது. யாரும் பார்க்காதபோது இரண்டு படத்தையும் போனில் பிடித்து, பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டாள். இரண்டாவதை எதற்குப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னப்பன் முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு, துவைத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சுசித்ரா முதல் படத்தை நீட்டினாள்.

"குண்டு போட்டதுக்கப்புறம் எடுத்ததுங்க மாமா. டாங்கி தெரியுதுங்களா? அதுக்குக் கீழ பாருங்க. மூணு கொட்டாயும் முழுசா நிக்குது."

கிழவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கூரையாக விரலால் தடவினார். அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று நாலு நாளாக அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள். "ஊரு சொன்னதுதான் நெசமாட்டம் இருக்குதுங்க," என்று பவ்வியமாகச் சொன்னாள். "ஓடித்தான் போயிருக்காரு."

"அப்ப சாவல," என்றார் சென்னப்பன்.

அழப்போகிறார் என்று பார்த்தால், கிழவர் சிரிக்கிறார்.

"சாவல பாத்தியா கண்ணு. கை கால் பிஞ்சி, எடுத்துப் பொதைக்க ஆளில்லாம கெடந்தாருன்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தன். சின்னதுல கண்ண மூடுனாலே அதான் வரும். எவளோ ஒருத்தி சோறாக்கிப் போட்டிருக்கா. தின்னுட்டு நல்லா இருந்திருக்காரு. ஓடிப்போனா என்னா தப்பு, சொல்லு? உசுரோட இருந்தாப் போதுமில்ல."

ஓடிப்போனால் தப்பில்லையாமே! எட்டு வருடமும் எங்கே போயிருந்தது இந்த ஞாயம்? அவள் கொடுத்த பொய்யில் உட்கார்ந்துகொண்டு, அவளுக்கே பாடம் சொல்கிறார். அவர் அப்பா செத்ததாகச் சொல்லியிருந்தால் தலைநிமிர்ந்திருப்பார்; ஓடினதாகச் சொன்னால் பிறந்த பிள்ளை மாதிரி சிரிக்கிறார். எப்படி விழுந்தாலும் இந்த மனுஷனுக்கு அடி படாதா? விறுவிறென்று உள்ளே போய், பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்ததை எடுத்து வந்தாள்.

"மாத்திக் குடுத்துட்டங்க மாமா. அது குண்டு போடறதுக்கு முன்ன எடுத்தது. இதுதான் அப்பறம் எடுத்தது."

சிரித்த முகம் மாறாமல் அவர் அதை வாங்கி மடியில் வைத்தார். டாங்கிகளை உடனே கண்டுபிடித்துவிட்டார். விரல் அங்கிருந்து கடல் பக்கமாக மெல்ல இறங்கியது. நின்றது. கொஞ்சம் இடது பக்கம் போனது, திரும்பி வந்தது.

"கொட்டாயி எங்க கண்ணு?"

கிழவரின் விரல் சிவப்பு வட்டங்களுக்கு நடுவே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, கூரையைத் தேடிக்கொண்டிருந்தது.