தண்ணீர் வண்டி வராத சாலை

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? மூட்டு வலி, இருமல் ஒன்றுமில்லையே? எனக்கு இருமல்தான். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கானா நாட்டுத் தலைநகர் அக்ராவை ஒட்டிய எங்கள் ஊரில் வேப்பமர முக்கு வரை சாலையை அகலமாக்குகிறார்கள். நான் அங்கே செம்மண் பெருக்குகிறவள். விடியுமுன் சோளக் கஞ்சியை வயிற்றில் ஊற்றிக்கொண்டு பன்னிரண்டு பெண்கள் குனிந்தால், வெயில் ஏறும்போது நிமிர முதுகு வராது. ரோலர் உருளும், லாரி கொட்டும், தூசி எழும். முன்பெல்லாம் தண்ணீர் வண்டி நாளுக்கு மூன்று தடவை வந்து தூசியை அடக்கிவிட்டுப் போகும். திறப்பு விழா நடக்கப்போகிற சாலையின் மறுகோடிக்கு அதை ஓட்டிப்போனார்கள், அதோடு சரி.

மேலாளர் அசமானியிடம் கேட்டேன்.

"தூசிக்குப் பயந்தா ரோட்டு வேலைக்கு ஏன் வந்தே? மீன் விக்கப் போயிருக்கலாமே?"

"மீனையாவது கண்ணால பாத்து விக்கலாம் சார்!"

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வண்டியும் வரவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமைதான் ஜிஃபாவை வேன் அடித்தது. கொடி பிடித்து வண்டிகளை நிறுத்துகிறவள் அவள். லாரி கிளப்பிய தூசிக்குள்ளிருந்து பயணிகள் வேன் ஒன்று வந்தது. ஒரு சத்தம், ஓர் அலறல். தூசி படிந்தபின் பார்த்தால் அவள் கால் முறிந்து கிடக்கிறது. ஓட்டுநர் ஓடார்ட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். எங்கள் ஆட்கள் விடுவார்களா? அவன் வேன் கண்ணாடியை உடைத்தார்கள். வேன்காரர்கள் திருப்பி அடிக்க வந்தார்கள். போலீஸ் அவனைக் கொண்டுபோனது. அதன்பின் வேன்காரர்களும் நாங்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரியில் ஜிஃபாவோடு இருந்தபோது அசமானி ஒரு தாளோடு வந்தார். கொடி நன்றாகத் தெரிந்தது, ஓட்டுநர்தான் வேகமாக வந்து மோதினான் என்று அதில் எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடும்மா. இனிமே உன்னால நிக்க முடியாது. ஸ்டோர் ரூம்ல உக்காந்து பாக்கிற வேலை, உனக்குத்தான்."

தாளைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் வெளியே போனதும் நான் அவள் கையைப் பிடித்தேன். "போட்டுடு தாயி. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அவன்தானே இடிச்சான்?"

"அக்கா, நீ பத்தடி தள்ளித்தானே நின்னே? வேனைப் பாத்தியா?"

"சத்தம்தான் கேட்டுது."

"நானும் பாக்கல. பளபளன்னு சட்டை போட்டு, கொடி புடிச்சு நின்ன எனக்கே அது தெரியல. அவனுக்கு நான் எப்படித் தெரிவேன்?"

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள்: 'தூசியில் எதுவும் தெரியவில்லை. பல நாளாகத் தண்ணீர் தெளிக்கவில்லை.' கையெழுத்தும் போட்டாள். அசமானிக்குக் கொடுக்காமல் என் மடியில் திணித்தாள்.

"வேன்காரங்ககிட்ட காட்டு."

திங்கள் விடியலில் நாங்கள் துடைப்பத்தை எடுக்கவில்லை. எதிர்ப்புக் காட்ட இங்கே கட்டுகிற சிவப்புத் துணியைத் தலையில் கட்டி, தண்ணீர் வண்டி வரட்டும் என்று ரோலருக்கு முன்னால் உட்கார்ந்தோம். வேன்கள் வரிசையாக வந்து நின்றன. ஓட்டுநர் சங்கத் தலைவர் டெட்டே இறங்கினார்.

"இன்னும் எத்தனை கண்ணாடி உடைக்கணும் உங்களுக்கு?"

தாளை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். "இதை அந்தப் பொண்ணே எழுதுச்சா?"

"ஆமா. அதனால அதுக்கு உக்காந்து பாக்கிற வேலையே போச்சு."

அவர் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். பின்னால் திரும்பிக் கத்தினார்: "எஞ்சினை அணைங்கடா!"

ஒவ்வொன்றாக அணைந்தன. அவர் தம் சட்டைப்பையிலிருந்த சிவப்புக் கைக்குட்டையை வேனின் பக்கக் கண்ணாடியில் கட்டினார். மற்றவர்கள் துணி தேடினார்கள்.

அசமானி ஓடிவந்தார். எங்களை விட்டுவிட்டு வேனில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா? இவங்களாலதான் உங்க ஊருக்கு ரோடு வராமப் போகப்போகுது!"

முதல் வேனிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். சந்தைக்குப் போகிறவள். தலைச்சுமையை இறக்கி என் பக்கத்தில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ரோடு வர்றப்போ அதுல போக நாங்க உசுரோட இருக்கணும்ல சார்?"

இன்று மூன்றாம் நாள். தண்ணீர் வண்டி வரவில்லை. ஓடார்ட்டி இன்னும் உள்ளேதான். ஜிஃபாவுக்கு வேலை இல்லை. ஆனால் அந்தத் தாளிலும் அதோடு சேர்த்துத் தைத்த தாள்களிலும் இப்போது இருநூறு பேருக்கு மேல் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் செம்மண்ணில் கட்டைவிரலைத் தேய்த்துப் பதித்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் சாலை போட்டபோது யார் தூசி தின்றார்கள், அவர்கள் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள்? எனக்கு எழுதுங்கள். இங்கே எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.