மிதமான காற்று

அம்மா போன பிறகு, அப்பாவுக்குத் தாங்க முடியாத நாட்கள் எவையென்று அண்ணனும் நானும் கணக்குப் போட்டோம். அம்மாவின் பிறந்தநாள், அவர்களுடைய கல்யாண நாள், முதல் நினைவுநாள். அந்த நாட்களில் தவறாமல் வந்து கூடவே இருந்தோம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா எங்களைவிட அதிகமாகச் சிரித்தார். நினைவுநாளும் முடிந்ததும், "தேறிட்டார்" என்று அண்ணன் நேற்றே கிளம்பிவிட்டான். என் பையும் வாசலில் தயார்.

அப்பா அந்தப் பையில் இடறிக்கொண்டு வந்து, லேப்டாப்பில் வேலையாக இருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். "காத்தாடி புயல்லதானேம்மா ஒடியும்?"

காற்றாலைக்கு ஐம்பது வருடத்தில் ஒருமுறை விழக்கூடிய பெரிய அடியைக் கணிப்பது என் பிழைப்பு.

"இல்லப்பா. புயல்ல இறக்கையைத் திருப்பி நிறுத்திடுவோம். மிதமான காத்துலதான் முகத்தைக் காட்டிக்கிட்டு சுத்தும். அப்ப திடீர்னு ஒரு வீச்சு வந்தா, அதுதான் பெரிய அடி."

லேப்டாப்பில் வரைபடத்தைக் காட்டினேன். "அந்த அடிதான் மேல் மூலையில தனியா ஒரு சிவப்புப் புள்ளியா இருக்கு பாருங்க."

"ஆமா, பளிச்சுனு இருக்கே" என்று திரையின் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் விரலை வைத்தார்.

எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். அவருடைய கண் அழுத்தத்துக்கு அண்ணன் மாதாமாதம் அனுப்பிய சொட்டு மருந்து, ஒன்றிரண்டு தவிர, சீல் பிரிக்காமல் வரிசையாக நின்றது.

"என்னப்பா இது?"

"எனக்கே போட்டுக்க வரலம்மா. பாட்டில் கிட்ட வந்தாலே கண்ணு தானா மூடிக்குது. உங்கம்மா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, 'இவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுற ஆளு, ஒரு சொட்டுக்கு நடுங்குறீங்களே'ன்னு திட்டிக்கிட்டே போட்டுவிடுவா."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வந்தப்பல்லாம் போட்டுவிட்டீங்களே."

வந்தபோதெல்லாம் போட்டுவிட்டோம். மற்ற நாட்களை யார் கணக்கில் எடுத்தது? அன்றே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன். "போன பார்வை போனதுதான். மிச்சத்தையாவது காப்பாத்தப் பாருங்க" என்றார். அண்ணனுக்கு போன் போட்டுக் கத்தினேன். அவன் அழ ஆரம்பித்ததும் கத்துவதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தேன். அப்பா நாற்காலியில் தலையைச் சாய்த்தார். அம்மா பிடித்த மாதிரியே அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மருந்தைத் திறக்கும் முன்பே என் கண்ணீர் அவர் நெற்றியிலும் மூடிய இமைமேலும் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரு சொட்டு போதும்னுதானேம்மா டாக்டர் சொன்னார்" என்றார் அப்பா.