கோப்பியின் இடது பின்கால்

சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் கெடு. கீழ்வீட்டு நல்லமுத்து அண்ணன் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பத்து காவான் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை, பகலில்தான் தூக்கம். மேலே பிரமிளாவின் நாய் கோப்பி டைல்ஸ் தரையில் நடக்கும் நகச் சத்தம் அவரைத் தூங்கவிடவில்லை. ஜெலுத்தோங் வட்டாரத்திலிருந்த அந்த அடுக்குமாடியில் நாய் வளர்க்க அனுமதி கிடையாது. கெடுவுக்குள் சத்தம் நிற்காமல், நிர்வாகத்துக்கு அவர் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், கோப்பியை அனுப்பிவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலையில் பிரமிளா நகவெட்டியோடு தரையில் உட்கார்ந்தாள். கோப்பிக்கு நகமெல்லாம் கறுப்பு. உள்ளே சதை எங்கே முடிகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மெல்லிசாகச் சீவி, ஒவ்வொரு முறையும் வெட்டுவாயைப் பார்த்தாள். நடுவில் புள்ளி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். முன்கால்கள் முடிவதற்குள் அவளுக்கு முதுகு விட்டுப்போயிற்று. பின்காலைத் தொட்டதும் கோப்பி உருவிக்கொண்டு சோபாவுக்கு அடியில் புகுந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. நல்லமுத்து நின்றார், கண்ணெல்லாம் சிவந்து.

"என்னா தங்கச்சி, இன்னும் டக்கு டக்குன்னுதானே கேக்குது?"

"முன்னங்கால் வெட்டிட்டேன்ண்ணே."

"முன்னங்கால யாரு கேட்டா? பின்னங்கால்லா, இடது பக்கம். ஒரு டக்கு, அப்புறம் ஒரு இழுவ."

அவள் விழித்தாள். "எப்பவும் அப்படியா?"

"நாள் முழுக்க. நீ ஏழரைக்கு வேலைக்குப் போறியா, அது வாசல்ல நிக்கும். லிஃப்ட் தொறந்தா ஓடி வரும். நீ இல்லன்னா திரும்பிப் போவும். படுக்கவே படுக்காது. அது தூங்குனாத்தானே நான் தூங்குறது?"

கோப்பி பகலெல்லாம் தூங்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குனிந்து நாயை வெளியே இழுத்தாள். இடது பின்காலின் ஓர நகம் வளைந்து, பாதத்தின் சதைக்குள் இறங்கியிருந்தது.

"ஐயோ, பாவம்லா," என்றார் நல்லமுத்து.

"கொஞ்சம் புடிச்சுக்குறீங்களாண்ணே?"

"நானா? கடிக்குமா?"

"தெரியல."

"இல்லன்னு சொல்லக்கூடாதா நீ?" என்று முனகிக்கொண்டே முட்டி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பியை அணைத்துப் பிடித்தார். பிரமிளா வளைவைத் துண்டித்து, முனையை மெதுவாக உருவினாள். கோப்பி ஒரே ஒரு முறை கத்தியது. நல்லமுத்துவும் கத்தினார். சதைப் புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். மிச்ச நகங்களுக்கு அவர் பிடியைத் தளர்த்தவே இல்லை.

"இப்ப நடக்கச் சொல்லு பாப்போம்."

கோப்பி பிரமிளாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டது.

"நான் இருந்தா நடக்காதுண்ணே."

வேறு வழியில்லாமல் கதவைப் பூட்டிவிட்டு இருவரும் கீழே இறங்கினார்கள். அவர் வீட்டுக் கூடத்தில் அண்ணாந்து நின்றார்கள். மின்விசிறியையும் அவர் நிறுத்திவிட்டார். மேலே ஏதோ மெத்தென்று நகர்ந்தது. இழுவை இல்லை.

பிரமிளா அவர் பக்கம் திரும்பினாள். "நிர்வாகத்துக்கு எழுதிக் குடுப்பீங்களாண்ணே?"

அவர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுதல. காலுக்கு நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டு. பகல்ல யாராச்சும் வந்து பாக்கணும்னா ஒரு சாவி என்கிட்ட குடு. இப்ப போ, எனக்குத் தூக்கம் வருது."

 வெளியே வந்து அவருடைய இரும்புக் கதவைச் சத்தமில்லாமல், அங்குலம் அங்குலமாக இழுத்துச் சாத்தினாள்.