சோர்லியின் இரும்பு மேல் ஆணை

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன வாரம் எங்கள் மலைநாட்டு இன்வர்னெஸ்ஸில் ஒரு கல்யாணம். எங்கள் ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட பாவாடையான கில்ட்டைக் கட்டி, காலுறை மடிப்பில் வழக்கமான சின்னக் கத்தியைச் செருகிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் ஒருவன் மறித்தான்.

"சார், அதக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள போங்க."

"அப்போ கில்ட்டையும் கழட்டிக் குடுத்துரவா?"

விருந்து போயிற்று. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

[முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைகளுக்கு நடுவே..." அடித்துவிட்டேன். இங்கே எவனும் மலையைப் பார்த்துப் பேச்சைத் தொடங்குவதில்லை.]

2.
மன்னரை எதிர்த்த மலைக்காரர்கள் கல்லோடன் போரில் தோற்றதற்கு மறு வருடம். ஃபெராகர் மாடு ஓட்டுபவன். பேஹக் அவன் மனைவி. இனி எவனும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று மன்னர் சட்டம் போட்டுவிட்டார். ஊரார் துருப்பிடித்ததையெல்லாம் கொண்டுபோய்க் குவித்தார்கள். நல்லதெல்லாம் கூரைக்குள் ஏறிக்கொண்டது. ஃபெராகரின் குத்துவாளும் அங்கேதான்.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: உடைந்த வாளின் துண்டில் அடித்தது அது, முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. இடுப்புவாரில், தொப்புளுக்கு நேரே தொங்கும். இறைச்சி அறுப்பதும் சண்டை போடுவதும் அதில்தான். பொய் சொன்னால் இதுவே என் நெஞ்சில் இறங்கட்டும் என்று அலகை முத்தமிட்டுச் சத்தியம் செய்வதும் அதன் மேல்தான். அந்தச் சத்தியத்தை மீறினவனுக்கு அடுத்த வீட்டில் நெருப்புகூடக் கிடைக்காது.)

3.
விசாரிக்க வந்தவன் கேப்டன் லாக்லன். மன்னர் பக்கம் போன மலைக்காரன். மன்னர் படையின் சிவப்புக் கோட்டு போட்டாலும் ஊர் வழக்கம் தெரிந்தவன்.

"ஆயுதம் இல்லேன்னு பைபிள் மேல அடிச்சு சத்தியம் பண்ணுவீங்க, நான் அந்தப் பக்கம் போனதும் கூரையிலேர்ந்து இறக்குவீங்க. எனக்குத் தெரியாதா? கத்தி மேல பண்ணுங்கடா! எவனாவது ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

ஒருவரும் அசையவில்லை. எடுத்து வருகிறவன் வைத்திருந்தவன் ஆகிவிடுவானே!

"எங்ககிட்ட ஏதுங்கய்யா கத்தி?" என்றாள் பேஹக். "பாலாடைக்கட்டியக்கூடப் பல்லால கடிச்சுத்தான் திங்கிறோம்."

கூட்டம் சிரித்தது. கதையை இங்கேயே முடித்திருக்கலாம். லாக்லன் விடவில்லை. ஊரார் ஒப்படைத்த குவியலிலிருந்து முனை முறிந்த குத்துவாள் ஒன்றை உருவினான். அது ஃபெராகரின் தம்பி சோர்லியுடையது. கல்லோடனில் செத்துக் கிடந்தவன் இடுப்பிலிருந்து ஃபெராகரே அவிழ்த்து வந்தது. உடைந்ததுதானே என்று குவியலில் போட்டிருந்தான்.

4.
முனை போன கத்தி நெஞ்சில் எப்படி இறங்கும் என்று மற்றவர்கள் மனதைத் தேற்றிக்கொண்டு முத்தமிட்டார்கள். ஃபெராகரின் முறை வந்தது.

"என்னிடம் ஆயுதம் இல்லை" என்று ஃபெராகர்

இந்த வாக்கியம் நகரவில்லை. எழுத எழுத அடித்தேன். எனக்கே இவன்மேல் சந்தேகம்: இவ்வளவு யோக்கியன் கூரையில் ஏன் ஒளித்தான்? ஒளிப்பது வேறு, பொய்ச் சத்தியம் வேறு என்பது இவர்கள் கணக்கு.

"சொல்லித் தொலைய்யா," என்றாள் பேஹக் அவன் காதோரம். "இல்லேன்னா கப்பல்ல ஏத்தி நாடு கடத்திருவானுங்க. செத்தவன் வந்து கேக்கவா போறான்?"

"அவன் கேக்க மாட்டான்டி. நான் கேப்பேன்ல."

[மாற்று முடிவு ஒன்று: பொய் சொல்லித் தப்பினான். இரண்டு: கத்தியைக் கொண்டுவந்து காலடியில் வைத்தான். இரண்டையும் மண்டப வாசலில் நின்றவனுக்கு எழுதிக்கொடுக்கிறேன். அவனுக்குப் பிடிக்கும்.]

5.
ஃபெராகர் தம்பியின் இரும்பை முத்தமிட்டான்.

"சோர்லி இரும்பு மேல ஆணை. எங்கிட்ட கத்தி இருக்கு. எங்கன்னு சொல்ல மாட்டேன். எங்கப்பன் கட்டினது, என் மவனும் கட்டுவான். உன்னால ஆனதப் பாத்துக்க."

பேஹக் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

லாக்லன் சிப்பாயைப் பார்த்தான். சிப்பாய் கயிற்றை எடுத்தான். அடுத்த வாக்கியம் என்ன என்று உங்களுக்கும் தெரியும். நான் எழுத மாட்டேன். சரித்திரத்தில் அப்படித்தானே நடந்தது என்பீர்கள். நடந்திருக்கும். சரித்திரத்துக்குக் கையாட்கள் நிறைய, நான் அதில் ஒருவன் இல்லை.

அவன் கையைக் கட்டியே ஆகவேண்டுமென்றால் வாருங்கள், கயிற்றின் மறுமுனையை நீங்கள் பிடியுங்கள்.