ஐம்பதில் சுழன்ற இசைத்தட்டு

அப்பா வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு எண்ணைச் சொல்வார்.

"இன்னிக்கி நாப்பத்தெட்டு புள்ளி ஒண்ணு."

மற்ற வீட்டு அப்பாக்கள் வெயிலைப் பற்றியோ பஸ் கூட்டத்தைப் பற்றியோ சொல்வார்கள். என் அப்பா ஜெயவேல் எண்ணூர் அனல் மின்நிலையத்தில் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தார். அவர் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு மீட்டர் உண்டு. மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்று அது காட்டும். ஐம்பது இருக்க வேண்டும். தென் மாநிலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விளக்கும் மோட்டாரும் போட்டால் இறங்கிவிடும். அப்பாவுக்கு அது சொந்தத் தோல்வி மாதிரி. அம்மா சொம்பில் தண்ணீரை நீட்டி, "சரி, கைய கழுவு" என்பாள்.

இந்த எண்ணை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வந்தேன். அதனாலேயே அது என் காதில் விழாமல் போயிருந்தது.

2001-இல் எனக்கு இருபத்து மூன்று வயது. இயற்பியல் படித்துவிட்டு, திருவொற்றியூரில் ஒரு எண்ணெய்த் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். சூடான எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்து எழுதுவது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

மாலையில் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைக் கேட்பேன்.

அவர் எனக்குத் தற்செயலாகக் கிடைத்தார். ராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸ் என்பவரின் பழைய சாமான் கடையில் அப்பா ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். உள்ளே ஒரு கேசட் மாட்டியிருந்தது. மேலே பெயர் எதுவும் எழுதவில்லை. ஒரு வயலின், ஒரு கிதார். பின்னால் இன்னும் இரண்டு கிதார்கள் ரயில் ஓடுவதுபோல் தாளம் போட்டன. டிரம்ஸ் கிடையாது. அந்த முதல் கிதார் படபடவென்று மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, சிரித்துக்கொண்டே சறுக்கி இறங்கியது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரோடு அரிசியும் போனதை அம்மா வந்து சொன்னபிறகுதான் பார்த்தேன்.

ஒன்றரை வருடம் பெயர் தெரியாமலே கேட்டேன். பெயரைக் கண்டுபிடித்தவள் என் கல்லூரித் தோழி மகிமா. அவள் அப்பா சுடலைராஜுக்குக் காலடிப்பேட்டையில் பருப்பு மொத்தக் கடை. கடைக்கு மேலே மாடியில் மகிமா பிரௌசிங் சென்டர் நடத்தினாள். "வயலின், மூணு கிதார், டிரம்ஸ் இல்ல" என்று அவள் தேடிய முதல் நாளே அவர் வந்துவிட்டார். பெல்ஜியத்தில், நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களால்தான் இவ்வளவு வேகமும்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா இதை நம்பவே இல்லை.

"ரெண்டு வெரல்லயா? சும்மா கத வுடாத மித்ரா. எங்க வூட்டுக்காரரு பத்து வெரலு வெச்சிக்கினு ஒரு பல்பு மாட்ட மாட்டாரு."

அதன் பிறகு சேர்க்க ஆரம்பித்தேன். கேசட்டுகள் முதலில். ஸ்டானிஸ்லாஸிடம் ஒரு பழைய ரிக்கார்டு பிளேயர் கிடைத்தது. கப்பல்களில் கழித்துப் போடும் சாமான்களோடு எப்போதாவது இசைத்தட்டுகள் அவர் கடைக்கு வரும். லேபிளில் கிதார் என்று போட்டிருந்தால் எனக்காக எடுத்து வைப்பார். நான்கில் மூன்று வேறு யாராவதாக இருக்கும். இரண்டு வருடத்தில் மூன்று ஜாங்கோ தட்டுகள் சேர்ந்தன. அரக்குத் தட்டுகள். கீழே விழுந்தால் அப்பளம்போல் உடைந்துவிடும். மூன்றையும் அம்மாவின் பட்டுப் புடவைக்குள் வைத்திருந்தேன். அம்மாவிடம் இருந்த பட்டு அது ஒன்றுதான். கல்யாணங்களுக்கு அம்மா நூல் புடவையில் போய்வந்தாள்.

நவம்பரில் மகிமாவின் அத்தை மகன் துபாயிலிருந்து ஒரு சி.டி. கொண்டுவந்தான். என்னிடம் தட்டாக இருந்த ஒரு பாட்டு அதிலும் இருந்தது. இரண்டும் ஒன்றுபோல் இல்லை. என் தட்டில் சுருதி இறங்கியிருந்தது. நேரமும் வேறு. சி.டி.யில் இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. என் தட்டில் இரண்டு நிமிடம் ஐம்பத்தொன்பது.

அப்படியானால் இது வேறு பதிவு. ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை வாசித்து, நன்றாக வந்ததை மட்டும் வெளியிடுவது வழக்கம். தப்பித் தவறி மற்றொன்று வெளியே வந்திருந்தால்?

பிளேயர் மெதுவாக ஓடுகிறதோ என்ற சந்தேகம் எனக்கு வராமல் இல்லை. அதற்கு ஒரு சோதனை உண்டு. வட்டமான அட்டையில் எழுபத்தேழு கறுப்புக் கோடுகள் வரைந்து, சுழலும் தட்டின் மேல் வைத்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ட்யூப் லைட் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு நூறு முறை மினுக்குகிறது. வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். பாகைமானி வைத்து ஒரு ஞாயிறு முழுவதும் வரைந்தேன். ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எழுபத்தேழு கோடுகளும் சிலைபோல நின்றன.

மகிமாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஜாங்கோ ரசிகர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அவள் என் பெயரில் எழுதி அனுப்பிவிட்டாள். "யாருக்கும் தெரியாத பதிவு சென்னையில் கிடைத்தது" என்று.

"ஏட்டி, நீ வாயத் தொறக்குறதுக்குள்ள ஊரே சிடிக்கு மாறி, அதுவும் போயிரும்" என்றாள்.

இரண்டு நாளில் பதினான்கு பதில்கள். அதில் ஒன்று பெல்ஜியத்திலிருந்து மார்செல் என்பவர் எழுதியது. ஜாங்கோவின் எல்லாப் பதிவுகளையும் பட்டியலிட்டுப் புத்தகமாகப் போட்டுவருகிறார். புதிய பதிப்பு டிசம்பர் கடைசியில் அச்சுக்குப் போகிறது. கேசட்டில் பதிந்து அனுப்புங்கள், வேறு பதிவுதான் என்று உறுதியானால் கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் வரும் என்று எழுதியிருந்தார்.

என் பெயரை லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். சங்கமித்ரா, விம்கோ நகர், சென்னை. அழித்துவிட்டு, கொஞ்சம் சின்ன எழுத்தில் மறுபடி எழுதினேன்.

அன்று மாலை பதிவதற்கு எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அப்பா வந்தார்.

"இன்னிக்கி நாப்பத்தெட்டும்மா. சுத்தமா நாப்பத்தெட்டு."

என் கையில் தட்டு இருந்தது. மெதுவாகப் புடவை மேல் வைத்தேன்.

பிளேயரின் மோட்டார் ஓடுவது அந்த மின்சாரத்தில். ட்யூப் லைட் மினுக்குவதும் அதே மின்சாரத்தில். அது மெதுவானால் இரண்டும் சேர்ந்தே மெதுவாகும். கோடுகள் எந்த வேகத்திலும் அசையாமல்தான் நிற்கும். ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து, பொய் சொல்லத் தெரிந்த ஒரு அட்டையை வரைந்திருக்கிறேன்.

லேபிளின் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டி, ஸ்டாப்வாட்சில் சுற்றுகளை எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு இருக்க வேண்டும். எழுபத்தைந்து இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், அட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எங்கூட்டுப் பொண்ணு நீ! ஃப்ரீக்வென்சிய மறந்துட்டியே!"

மறுநாள் மகிமாவிடம் போனேன். அவள் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

"அந்தாளு பெல்ஜியத்துல இருக்கான். நம்ம ஊரு கரண்ட்டு அவனுக்கு எப்படித் தெரியும்? சாயங்காலமே பதிஞ்சு அனுப்பிரு. புத்தகத்துல பேரு வரும்லா?"

ஆசையாகத்தான் இருந்தது. குழுவில் பதினான்கு பேருக்கு முன்னால் தப்பு என்று எழுத வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வேறொன்று அதைவிட அதிகமாக உறுத்தியது. இந்த மூன்று தட்டுகளையும் நான் மாலையில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இவற்றை அவர் வாசித்த வேகத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"அம்பதுல ஒரு தடவ கேக்கணும்பா" என்று அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன்.

"அம்பதா? நானே பாத்து எத்தினி நாளாச்சு." அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மாறியது. "ஞாயித்துக்கெழம காலைல மழ பெஞ்சா சான்ஸு கீது. பம்பு செட்டு ஓடாது, ஃபேன் ஓடாது, கம்பெனியெல்லாம் லீவு. கிடுகிடுன்னு ஏறும். ஏறும்போது அம்பதத் தாண்டித்தானே போவணும்? எனக்கு டூட்டிதான். கன்னியம்மா வூட்டுக்கு போன் அடிக்கிறேன்."

எங்கள் வளாகத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள். போன் கன்னியம்மா அக்கா வீட்டில் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை இரவே மழை பிடித்துக்கொண்டது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. கன்னியம்மா அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஒயரை இழுத்துப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். டேப் ரிக்கார்டரில் புது பேட்டரி போட்டு, பிளேயருக்கு எதிரே வைத்திருந்தேன். பேட்டரி எந்த மின்நிலையத்துக்கும் கட்டுப்பட்டதல்ல.

"நாப்பத்தொம்போது நாலாம்!" என்று கத்தினாள்.

எதிர் வீட்டு எத்திராஜ் அண்ணன் கன்னத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். "யாரு பேட்டிங்?"

"ஜாங்கோ" என்றாள் அம்மா.

"எந்த டீமு?"

"பெல்ஜியம்."

"பெல்ஜியம் எப்பம்மா கிரிக்கெட் ஆட ஆரம்பிச்சான்?" நுரையோடு முற்றத்துக்கே வந்துவிட்டார்.

"நாப்பத்தொம்போது ஆறு!"

மற்ற வீட்டுக் கதவுகளும் திறந்தன. யாரோ விளக்கம் கேட்க, அம்மா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "மின்சாரம் அம்பதத் தொட்டா எம் பொண்ணு ஒரு பாட்டு போடுவா. மூணு நிமிசம் யாரும் மூச்சு வுடக் கூடாது." உள்ளே போய்க் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். கும்மிடிப்பூண்டி ரயில் நல்லவேளையாக நாற்பத்தொன்பது புள்ளி எட்டிலேயே கடந்து போனது.

"ஒம்போது ஒம்போது! இன்னும் ஒண்ணுதான்!"

ரிக்கார்டரை ஓடவிட்டேன். தட்டு சுழன்றது. ஊசியைத் தட்டின் மேலே பிடித்துக்கொண்டேன். முற்றத்தில் இருபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"இரு, இரு... இன்னா ஜெயவேலு, சொல்லு... அம்பது! அம்பதூ!"

மூச்சு விடக் கூடாதவர்கள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். கை தட்டினார்கள். எத்திராஜ் அண்ணன் விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். அந்தச் சத்தத்தின் நடுவில் ஊசியை இறக்கினேன்.

கரகரப்பு. பிறகு கிதார்.

சத்தம் தானாக அடங்கியது. நான் அறிந்த பாட்டுதான். ஆனால் முகம் கழுவிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. வழக்கமாக அவர் மேலே ஏறும் இடத்தில் நான் முன்பே போய் அவருக்காகக் காத்திருப்பேன். இன்று அவர் எனக்கு முன்பே அங்கே போய்விட்டார். வயலின் துள்ளியது. பின்னால் இருந்த கிதார்கள் ஓடுகிற ரயிலாக இல்லை, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களாக இருந்தன. இந்தத் தட்டில் இவ்வளவு நாள் அவரை வேலை முடிந்து களைத்து வருகிறவராகவே கேட்டிருக்கிறேன். அவர் காலையில் கிளம்புகிற ஆள்.

முடிந்ததும் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. சி.டி.யில் இருப்பது அதேதான். புதிய பதிவும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

"நெசமாவே ரெண்டு வெரலா?" என்றாள் கன்னியம்மா அக்கா, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு. பிறகு போனில், "ஆங், ஓடிச்சுப்பா, நல்லா ஓடிச்சு, ஒம் பொண்ணு சிரிச்சிகினு கீது" என்றாள்.

இன்னொரு முறை பதி, சத்தம் போட மாட்டோம் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அதற்குள் மீட்டர் ஐம்பது புள்ளி ஐந்துக்குப் போய்விட்டது. பத்தரைக்கு மழை வலுத்து, கரண்ட்டே போனது. ஆரவாரத்தோடு தொடங்கும் அந்த ஒரு கேசட்தான் மிஞ்சியது.

மார்செலுக்கான கடிதத்தை நானே தட்டினேன். மகிமாவைத் தள்ளி உட்காரச் சொன்னேன். நான் சொன்னது தவறு, என் பிளேயர் நாற்பத்தெட்டில் ஓடியது, ஐம்பதில் ஓடியபோது எடுத்த பதிவை அனுப்புகிறேன், தொடக்கத்தில் இருக்கும் சத்தத்துக்கு மன்னிக்கவும். நான்கு வரி. குழுவில் எல்லோருக்கும் போகும்படி அனுப்பினேன். அனுப்பிய பிறகு மேசைக்கு அடியில் போய்விடலாம்போல் இருந்தது. கேசட்டைத் தபாலில் சேர்த்தேன்.

டிசம்பர் மூன்றாம் வாரம் பதில் வந்தது. மகிமா என் தோளுக்கு மேலாகக் குனிந்து சத்தமாகப் படித்தாள்.

உங்கள் தட்டைப் புத்தகத்தில் சேர்க்க முடியாது, அது எங்களுக்குத் தெரிந்த பதிவுதான் என்று தொடங்கியிருந்தார். பிறகு இப்படி எழுதியிருந்தார்: "அது ஸ்டுடியோவில் எடுத்தது. அங்கே கைதட்ட யாரும் இருந்ததில்லை. உங்கள் கேசட்டில் அவர் முதல் சுரத்தை வாசிப்பதற்கு முன்பே ஒரு கூட்டம் ஆரவாரம் செய்கிறது. யாரோ விசில் அடிக்கிறார்கள். ஐந்து முறை கேட்டுவிட்டேன். யார் அவர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்."

"நான் அடிக்கட்டாட்டி?" என்று மகிமா விசைப்பலகைக்குக் கை நீட்டினாள்.

"வேணாம்."

கன்னியம்மா அக்காவிலிருந்து ஆரம்பித்தேன். போன் ஒயரின் நீளத்தை எழுதினேன். இறக்கி வைத்த குக்கரை எழுதினேன். அப்பாவின் மேசையையும், சுவரில் உள்ள மீட்டரையும், நாற்பத்தெட்டு என்றால் அவர் முகம் எப்படி இருக்கும் என்பதையும் எழுதினேன். கீழே சுடலைராஜ் மாமா பருப்பு மூட்டைகளை உள்ளே இழுத்துப்போட்டு ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, சென்டர அடைக்கணும்" என்றாள் மகிமா. "இன்னும் எத்தன பேரு இருக்காவ?"

"பாதிதான் ஆச்சு" என்றேன். "எத்திராஜ் அண்ணன் இப்பதான் நுரையோட வெளிய வராரு."