பேச்சியின் கணக்கில் ஒரு பிழை

எழுபத்துநாலாம் வருடக் கிறிஸ்துமஸ் விடுமுறை இன்னாசிராஜுக்குக் கசந்தது. சென்னையில் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் முத்துப்பேச்சியைப் பாராட்டிவிட்டு, "இன்னாசி, அவள் கம்ப்யூட்டர் புரோகிராமைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று வேறு சொல்லியிருந்தார். இருவரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர்கள். இருவருக்கும் ஊர் மூணாறு பக்கம் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட். அவள்தான் இளையவள்.

எடுத்துக்கொண்ட பொருளும் ஒன்றே. ஆதியில் பிரபஞ்சமெங்கும் ஹைட்ரஜன் வாயு குளிர்ந்து கிடந்தது. பிறகு தோன்றிய குவாசர்கள் என்னும் அதிபிரகாச வான்பொருள்களின் ஒளி பட்டு அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து தெறித்தன. அந்த மாற்றம் எப்படிப் பரவியிருக்கும் என்று கம்ப்யூட்டரில் படிப்படியாக நடத்திப் பார்க்க வேண்டும். இன்னாசியின் புரோகிராம் பாதியிலேயே நின்றுவிடும். அவளுடையது கடைசிவரை ஓடியது, பாராட்டு அதற்குத்தான். முடிவுதான் உதைத்தது. பிய்ந்த எலக்ட்ரான்கள் மளமளவென்று மறுபடி ஒட்டிக்கொண்டன. மாறியாக வேண்டிய வாயு முழுதாக மாறவே இல்லை.

"எங்க தப்புன்னு தெரியலண்ணே. நீங்க ஒருக்கா பாருங்களேன்" என்று மூணாறு பஸ்ஸில் அவளே புரோகிராம் எழுதிய காகிதக் கட்டைக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டான், உதவுவதற்காக அல்ல. தங்கை சிசிலி கேக் வெட்டக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் வரிவரியாகத் துருவினான். சொந்தக் கணக்கை அவன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. கடைசியில் அகப்பட்டது. ஒளி பட்ட வாயு பத்தாயிரம் டிகிரிக்குச் சூடேறிவிடும். அவளோ குளிர்ந்த வாயுவின் வெப்பநிலையையே கடைசிவரை வைத்திருந்தாள்.

அவள் வீட்டார் காதுபடச் சொல்ல வேண்டும்போலிருந்தது. விடுவிடுவென்று அவர்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்துக்கு நடந்தான். அவள் அப்பா ராக்கப்பன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"என்ன பேச்சி, இதான் நீ போட்ட கணக்கா? தீயா கொதிக்கிற வாயுவ ஐஸுன்னு எழுதி வச்சிருக்க! இதத்தான் வாத்தியாரு பாராட்டுனாரா?"

ராக்கப்பன் முகம் வாடியது. பேச்சி அவன் விரல் வைத்த வரியைப் பார்த்தாள்.

"ஐயோ, ஆமாண்ணே! சூடா இருந்தா எலக்ட்ரான் மெதுவாத்தான ஒட்டும்? அப்ப வாயு பூரா மாறிரும்! அப்பா, அண்ணன் கண்டுபிடிச்சிட்டாரு!"

இன்னாசிக்குத் தெரியாத விஷயமல்ல அது. தப்பைப் பிடித்த குஷியில் அதற்கு அடுத்த அடியை யோசிக்கவே இல்லை.

ராக்கப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உக்காருங்க தம்பி, தேத்தண்ணி குடிங்க. அம்புட்டுத் தொலைவுல எங்க புள்ளைக்கு நீங்கதான் தொண." அந்தத் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு அவன் எழுந்தான்.

திருத்திய கணக்கு சென்னையில் ஓடியது. வாயு முழுவதும் மாறியது. கட்டுரையில் தன் பெயருக்குப் பின்னால் அவன் பெயரையும் போட்டாள் பேச்சி. வேண்டாமென்றான், அவள் கேட்கவில்லை.

அச்சாகி வந்த அன்று எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவனும் சிரித்து வைத்தான். அறையில் யாரும் இல்லாதபோது அவள் பெயரைக் கட்டைவிரலால் மறைத்து, தன் பெயர் மட்டும் தனியாக எப்படியிருக்கிறது என்று பார்த்தான். கொஞ்சநேரம் நன்றாகத்தான் இருந்தது.